நெத்தலியும் நீர்க்காகமும் சிஞ்சாத் தீவுகளும்

1973 ஆம் ஆண்டின் முற்பகுதி. கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்தில் நான் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. இரவுக் கடமையில் தொலையச்சுப் பொறி கக்கித் தள்ளும் வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிந்தெடுத்துத் தமிழாக்குவது எனது வேலை. ஓர் இரவு, பெரு நாட்டின் கரையோரத்தில் நெத்தலி மீன்பாடு பொய்த்துவிட்டதாக ஒரு சிறு செய்தி வந்தது. வியட்நாம் சமாதான உடன்படிக்கைச் செய்திகளால் பக்கம் நிரம்பியிருந்த வேளை. பெருவின் நெத்தலி நம் வாசகருக்கு எதற்கு என்று எண்ணி அத்தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தேன்.

அவ்வாண்டின் இறுதியில் கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. பாணுக்காக விடியற்காலையிலேயே மக்கள் வரிசையில் நின்றனர், நானும் நின்றேன். நான் கூடையில் எறிந்த செய்திக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பு இருந்தது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. நெத்தலிதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. 1972 இல் சோவியத் ஒன்றியம் பெருந்தொகையாகத் தானியம் வாங்கியது, பல நாடுகளில் மழை பொய்த்தது, 1973 ஒக்டோபருக்குப் பின் எண்ணெய் விலை ஏறியது ஆகியவையே பெருங்காரணங்கள். ஆயினும் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாகிய மீன்மாவின் பெரும்பகுதி பெருவின் நெத்தலியிலிருந்தே வந்தது. அது நின்றதும் எல்லோரும் சோயாவை நாடினர். சோயா விலை எகிறியது. 1973 ஜூனில் ஐக்கிய அமெரிக்கா தனது சோயா ஏற்றுமதியையே சில காலம் தடுத்து வைத்தது. உலகத் தானியச் சந்தையின் பதற்றத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அன்று தொடங்கிய உறுத்தலே என்னைப் பெருவின் வரலாற்றை நோக்கித் தள்ளியது என்று கூறலாம். உயிரினங்களிடையே சக்தியும் போசணைப் பொருள்களும் எவ்வாறு கைமாறுகின்றன என்பதைப் பாடநூலில் படிப்பதிலும் பார்க்க அந்தக் கடற்கரையின் கதையைப் படிப்பது மேல் என்பது எனது அபிப்பிராயம்.

பெருவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஹம்போல்ட் நீரோட்டம் என்னும் குளிர்நீரோட்டம் ஓடுகின்றது. காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அடியாழத்து நீர் மேலெழும்புகின்றது. கடலில் மாண்ட உயிர்களெல்லாம் அடியிலே படிந்து சிதைந்து விட்டுச்சென்ற நைதரசனும் பொசுபரசும் அந்நீரில் கரைந்துள்ளன. அவை வெயில் படும் மேற்பரப்பை அடைந்ததும் தாவரப் பிளாந்தன் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பயிர் செழிக்கின்றது. அதனை நுண்ணிய விலங்குகள் உண்ணும். அவ்விரண்டையும் நெத்தலி உண்ணும். நெத்தலியை நீர்க்காகமும், பூபி என்ற கடற்பறவையும், கூழைக்கடாவும் உண்ணும். பறவைகள் கரைக்கு அண்மையிலுள்ள மொட்டைத் தீவுகளில் கூடு கட்டி அங்கேயே எச்சமிடும். மழையற்ற பிரதேசம் ஆதலால் எச்சம் கரைந்தோடாது, நைதரசனும் கழுவப்படாது. பிஸ்கோ நகருக்கு எதிரேயுள்ள சிஞ்சாத் தீவுகள் மூன்றிலும் அது சில இடங்களில் 40 மீற்றருக்கும் மேலான உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதுவே குவானோ.

சூரியனிடமிருந்து பெற்ற சக்தி இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் வெப்பமாக வெளியேறிக் குறைந்துகொண்டே செல்லும். அடுத்த படிக்குப் போய்ச் சேருவது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே. அது திரும்பி வராது. போசணைப் பொருளோ அழிவதில்லை. அது சுற்றிச் சுற்றி வரும். வழியில் ஓரிடத்தில் தேங்கவும் கூடும். சிஞ்சாத் தீவுகள் அத்தகைய ஒரு தேக்கம்.

இன்காக்கள் இதன் மதிப்பை நன்கு அறிந்திருந்தனர். கூடு கட்டும் பருவத்தில் தீவில் கால் வைப்போருக்கும் எக்காலத்திலேனும் பறவையைக் கொல்வோருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டதாக இன்காத் தாயின் வயிற்றிற் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா 1609 இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார். ஸ்பானியர் பொன்னையும் வெள்ளியையும் தேடினர். எச்சத்தின் மீது அவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை. 1802 இல் அங்கு சென்ற அலெக்சாண்டர் பொன் ஹம்போல்ட் மாதிரிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். பாரிஸ் இரசாயனவியலாளர் அவற்றைப் பகுத்தாய்ந்தனர். ஆயினும் 1840 இல் ஜேர்மனியரான லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுப்பதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நூல் எழுதிய காலத்திலேயே வணிகருக்குக் கண் திறந்தது. (எந்தப் போசணை மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலை நிர்ணயிக்கும் என்ற விதி லீபிக்கின் பெயரில் வழங்குகின்றது. அதை அவருக்கு முன்னரே சொன்னவர் கார்ல் ஸ்பிரெங்கல். வரலாறு யாருக்குப் புகழைக் கொடுக்கும் என்பது சொல்லத் தரமன்று.)

1840 களின் தொடக்கத்தில் லிவர்பூல் துறைமுகத்தை அடைந்த குவானோக் கப்பல்கள் பின்னர் நின்றபாடில்லை. 1880 வரையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் 1 கோடி தொன்னுக்கும் அதிகமான எச்சம் பெருவை விட்டுச் சென்றது. தீவுகள் அரசின் உடைமை. ஆதலால் பணம் கஜானாவில் கொட்டியது. 1854 இல் சனாதிபதி ரமோன் கஸ்திலியா அடிமைகளை விடுவித்தபோது ஏறத்தாழ 25,000 பேருக்கான நட்டஈட்டை உடைமையாளருக்குக் கொடுக்க முடிந்தது இப்பணத்தின் பலத்தினால்தான்.

ஆனால் அந்த எச்சத்தை வெட்டியவர் யார்? தொடக்கத்தில் கைதிகளும் அடிமைகளும், பின்னர் சீனர். 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ 1 இலட்சம் சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்தில் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கடலிலேயே மாண்டனர். பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குப் போயினர். சிஞ்சாவுக்கு வந்தவர்களின் கதியே மிகக் கொடியது. மூக்கை எரிக்கும் அமோனியாத் தூசியில் நாளொன்றுக்கு நான்கு, ஐந்து தொன் வெட்ட வேண்டியிருந்ததாக அக்காலப் பயணிகள் எழுதினர். தீவின் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்து உயிரை மாய்த்தோர் பலர். அவர்களை ஆங்கிலேயர் அழைத்த பெயர் நமக்கு அந்நியமானதன்று. அது நமது 'கூலி' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர். குஜராத்தின் கோளி என்னும் சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அதே 1840 களில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து, வழியிலேயே மடிந்த நம்மவரும் அச்சொல்லாலேயே எண்ணப்பட்டனர்.

1862, 1863 ஆம் ஆண்டுகளில் பெருவின் கப்பல்கள் பொலினீசியத் தீவுகளிலும் ஆட்பிடித்தன. ஈஸ்டர் தீவிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 1,400 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் குவானோ வெட்டவே கொண்டுசெல்லப்பட்டனர் என்று பல நூல்கள் கூறும். உண்மையில் பெரும்பாலோர் தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்குமே விற்கப்பட்டனர். உயிர் தப்பித் திரும்பிய சிலருடன் பெரியம்மையும் அத்தீவுக்குச் சென்றது.

பெரிய நாடுகளும் எச்சத்துக்காக அலைந்தன. ஐக்கிய அமெரிக்கா 1856 இல், குவானோ கிடக்கும் உரிமையாளரற்ற தீவு எதையும் தன் பிரசை கைப்பற்றலாம் என்று சட்டமே இயற்றியது. ஸ்பெயின் 1864 ஏப்ரிலில் சிஞ்சாத் தீவுகளைப் பிடித்தது, போர் மூண்டது, 1866 மே 2 ஆம் நாள் கய்யாவோத் துறைமுகச் சமருடன் ஸ்பானியக் கடற்படை விலகியது. பறவை எச்சத்துக்காக இரு நாடுகள் பீரங்கி வெடித்தன என்றால் இன்று நகைப்பாக இருக்கும்.

அந்தப் போசணை எங்கே போயிற்று? இங்கிலாந்தின் வயல்களில் கோதுமையும் மாட்டுத் தீனிக்கான கிழங்கும் ஆயிற்று, கிழங்கு இறைச்சியாயிற்று, இறைச்சியும் ரொட்டியும் இலண்டன் மக்களின் வயிற்றை அடைந்தன. 1858 இல் தேம்ஸ் நதி நாறிப் பாராளுமன்றமே மூக்கைப் பொத்திய பின்னர் கட்டப்பட்ட பெருங் கழிவுநீர்க் குழாய்கள் அதனை ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டு சென்றன. பசிபிக்கின் அடியிலிருந்து எழுந்த நைதரசன் அத்திலாந்திக்கைச் சேர்ந்தது. பறவைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்ததை மனிதர் ஒரு தலைமுறைக்குள் செலவிட்டனர். 1870 களின் நடுப்பகுதியில் சிஞ்சாவில் பாறை தெரிந்தது. கடனில் மூழ்கிய பெரு, அடுத்து வெடியுப்புப் பாலைவனத்துக்காக 1879 இல் மூண்ட போரில் தராபக்காவை சிலியிடம் இழந்தது. பொலிவியா தன் கடற்கரையையே இழந்தது. பின்னர் ஜேர்மனியில் ஹேபர் 1909 இல் காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா செய்து காட்டினார். 1913 இல் ஒப்பாவில் ஆலை எழுந்தது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு அம்முறையின்றி விளையாது.

பெருவோ அதே 1909 இல் குவானோவை நிருவகிக்க ஒரு கம்பனியை நிறுவி, தீவுகளுக்குக் காவல் இட்டு, இன்காக்களின் வழிக்கு ஒருவாறு திரும்பியது. பறவைகள் பெருகின. 1939 இல் அக்கம்பனி வில்லியம் வோட் என்ற அமெரிக்கப் பறவையியலாளரை வரவழைத்தது. எச்சத்தை இன்னும் பெருக்க வழி சொல்வதே அவர் பணி. அவர் வந்த காலத்திலே எல் நினோ வந்தது. வெந்நீர் பரவியது, நெத்தலி மறைந்தது, பெற்ற பறவைகள் பறந்துபோகக் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடிந்ததை அவர் கண்டார். கடல் தாங்கும் அளவுக்கு மேல் பறவைகளைப் பெருக்க முயல்வது வீண் என்பதே அவர் கண்ட முடிவு. 1948 இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த எண்ணத்தை மனிதகுலத்துக்கே பொருத்திற்று. பறவைக்குப் பொருந்தியதை ஏழை நாட்டு மக்களுக்கு அவர் பொருத்திய கடுமையை நான் ஏற்பதில்லை. எனினும் அத்தீவில் அவர் கண்டது பொய்யன்று.

அதே காலத்தில் மினசோட்டாவில் ஒரு சிறு சேற்றுக் குளத்தின் அருகே றேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர், குளத்தில் விழும் வெயிலில் எவ்வளவு பாசிக்கும், எவ்வளவு பூச்சிக்கும், எவ்வளவு மீனுக்கும் போகின்றது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 'சூழற்றொகுதி' என்ற கருத்தை டான்ஸ்லி 1935 இல் பெயரிட்டிருந்தார்; அதற்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர் லிண்டமன். அவரது கட்டுரையை ஆய்விதழ் முதலில் நிராகரித்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் பரிந்து எழுதிய பின்னரே ஏற்கப்பட்டது. அது அச்சேறியது 1942 ஒக்டோபரில். லிண்டமன் ஜூன் மாதமே, 26 வயதில், காலமாகிவிட்டார். அவருக்காக வாதாடிய ஹட்சின்சன் 1950 இல் ஐந்நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு பெருநூல் வெளியிட்டார். அதன் பொருள் பறவை முதலியவற்றின் எச்சமும் அது புவியில் குவியும் விதமும்!

இனி 1973 க்கு வருவோம். பறவையின் வயிற்றினூடாக நெத்தலியை எச்சமாக்குவதிலும் நேரே மீன்மாவாக்கினால் இலாபம் அதிகம் என்று 1950 களில் ஆலைகள் எழுந்தன. குவானோக் கம்பனி எதிர்த்தது, வெல்லவில்லை. 1970 இல் பிடிபாடு 1 கோடி 20 இலட்சம் தொன்னைத் தாண்டியது. உலகில் வேறெந்த மீனும் அவ்வளவு பிடிபட்டதில்லை. 1972 இல் எல் நினோ வந்தது. 1973 இல் பிடிபாடு ஏறத்தாழ 20 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. நான் கசக்கி எறிந்த தாளில் இருந்தது அதுதான்.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது, கிளிநொச்சியில் வயல் செய்யும் என் சித்தப்பாவின் மகன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, எருப் போடச் சொல்லுறாங்கள். ஏக்கருக்கு எத்தினை லோட் வேணும் எண்டு ஆரும் கணக்குச் சொல்லுறாங்களில்லை." கணக்கு எளிது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கே இருக்கும். ஆகவே ஒரு மூடைக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதற்குரிய குழையும் சாணமும் எங்கோ ஓரிடத்து மண்ணிலிருந்தே வரவேண்டும். நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் கைநழுவிவிட்டது. நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்திலும் பார்க்க மூன்றிலொரு பங்குக்கும் அதிகமாக வீழ்ந்தது. யூரியாவும் குற்றமற்றதன்று. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்திருப்பது பயிர் உண்ணாமல் விட்ட மிச்சந்தான். அதையும் அவனிடம் சொன்னேன். "அது பிறகு பாப்பம், அண்ணை" என்றான்.

பெருவின் தீவுகளில் இன்றும் எச்சம் வெட்டப்படுகின்றது. 2022 இன் இறுதியில் பரவிய பறவைக் காய்ச்சலில் கூழைக்கடாவும் பூபியும் நீர்க்காகமுமாக இலட்சத்துக்கும் அதிகமான பறவைகள் அக்கரையில் மாண்டன. எஞ்சியவை கலையாதபடி இயந்திரங்களைத் தவிர்த்து, தீவுகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஓய்வு கொடுத்து, மண்வெட்டியாலும் கூடைப்பாரையாலுமே வெட்டி மூடையாக்குகின்றனர். வெட்டுவோர் பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் கெச்சுவா மக்கள். குவானோ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது அவர்களுடைய மொழி.