வழிகாட்டிக்கு எங்கிருந்து மின்சாரம்? புல்லட்டின் 6 வோல்ட் முதல் நாவிக் வரை

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்களுக்குத் திருத்தணி பழக்கமான ஊர். ஆறுபடை வீடுகளில் ஒன்றான முருகன் கோயில் மலைமேல் இருக்கிறது. படியேறிப் போனால் 365 படிகள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நகரி வந்துவிடும், அது ஆந்திரா. கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காக மாறிவிடும்.

இந்த எல்லைக்கோடே ஒரு முறை இடம் மாறியதுதான். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது.

இந்தச் சாலையில் இன்று போகும் பைக்குகள் பலவற்றின் ஹேண்டில்பாரில் ஏதாவது ஒரு வழிகாட்டித் திரை மினுக்குகிறது. பலகையில் எந்த மொழி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அந்தத் திரை உயிரோடு இருக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, கீழே வண்டியிலிருந்து வரும் மின்சாரம். இன்னொன்று, மேலே செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல். இந்த இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே பாடம்தான் கிடைக்கிறது.

கார்பைட் விளக்கு காலம்

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களில் மின்சாரம் என்றால் ஸ்பார்க் பிளக்குக்குப் போவது மட்டும்தான். அதையும் பெரும்பாலும் மேக்னெட்டோ என்ற கருவி பேட்டரி இல்லாமலே கொடுத்தது. முன்விளக்கு? கால்சியம் கார்பைட் கட்டியின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் அசிட்டிலின் வாயுவைக் கொளுத்தினார்கள். பிறகுதான் டைனமோவும் 6 வோல்ட் பேட்டரியும் வந்தன.

நம் ஊர்க் கதை 1950-களில் தொடங்குகிறது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியிடம் புல்லட் வண்டிகளை வாங்கியது. 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. தொழிற்சாலை அமைந்த இடம் சென்னை திருவொற்றியூர். இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி பிறகு மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரில் புல்லட் மட்டும் விடாமல் தயாராகிக்கொண்டே இருந்தது.

பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேல்பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒரு சின்ன ஆம்ப் மீட்டர் இருக்கும். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது, மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது என்று அர்த்தம். வண்டியின் மின்சாரக் கணக்கை ஓட்டுபவர் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். இப்படி ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டதற்குக் காரணம், வரவு அவ்வளவு குறைவு.

6 வோல்ட் வண்டியில் 36 வாட் விளக்கு எரிய 6 ஆம்பியர் கரண்ட் வேண்டும். அதே விளக்குக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். கரண்ட் பாதியானால் அதே வயரில் வீணாகும் சூடு கால் பங்காகக் குறையும். உலகம் முழுக்க வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு முக்கியமான காரணம் இந்த எளிய கணக்குதான்.

ஆனாலும் நம் ஊர் 100 சிசி வண்டிகளில் சிக்கனம் தொடர்ந்தது. பலவற்றில் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரிதான். ஹெட்லைட் அந்தப் பேட்டரியைத் தொடுவதே இல்லை. எஞ்சினோடு சுற்றும் காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரம் போகும். அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிரகாசமாகும்.

மேலே நடந்தது

இதே காலத்தில் வானத்தில் வேறொரு வேலை நடந்தது. அமெரிக்க ராணுவம் 1978-ல் முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை ஏவியது. 1995-ல் அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது.' குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் நேரத்தை ஒப்பிட்டுக் கீழே உள்ள கருவி தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளுக்குள் அணுக் கடிகாரம்.

பொதுமக்களுக்கு வந்த சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. துல்லியம் சுமார் 100 மீட்டர்தான். திருத்தணி போன்ற ஊரில் 100 மீட்டர் தள்ளிக் காட்டினால் எந்தத் தெரு என்றே தெரியாது. 1999-ல் கார்கில் போர் நடந்தபோதும் இந்தப் பிழை கலந்த சிக்னல்தான் பொதுவில் கிடைத்தது. துல்லியமான ராணுவ சிக்னலின் சாவி அமெரிக்காவின் கையில் இருந்தது. 2000 மே மாதம் அதிபர் கிளின்டன் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகத்தின் எல்லாக் கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. யாரும் எந்தக் கருவியையும் மாற்றவில்லை. அங்கே ஒரு சுவிட்சைப் போட்டார்கள், அவ்வளவுதான். போடத் தெரிந்தவர்களுக்கு அணைக்கவும் தெரியும் அல்லவா?

இரண்டும் சந்தித்த இடம்

சுவிட்ச் போட்ட பிறகுதான் சாலை வழிகாட்டிகள் பெரிய வியாபாரமாயின. 2006-ல் கார்மின் நிறுவனம் பைக்குக்கென்றே மழையைத் தாங்கும் 'ஜூமோ 550' கருவியைக் கொண்டுவந்தது. இப்போது ஒரு புதுக் கேள்வி. காரில் சிகரெட் லைட்டர் துளை இருக்கிறது, பைக்கில் எங்கே சொருகுவது? நேராகப் பேட்டரியிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சூடுபட்டார்கள். கருவிகளில் பல கேட்பது 5 வோல்ட். வண்டி ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்த 7805 என்ற ரெகுலேட்டர் சில்லை வைத்து 5 வோல்ட்டாக்கலாம். ஆனால் 1 ஆம்பியர் எடுத்தால் கருவிக்குப் போவது 5 வாட். மிச்சம் 9 வாட் வெறும் சூடாகப் போகும். பயன்பட்டதைவிட வீணானது அதிகம்! வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டைக் குறைக்கும் 'ஸ்விட்சிங்' கன்வெர்ட்டர் பெருகியபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் அதே 5 வாட் கருவிக்குப் பேட்டரியிலிருந்து அரை ஆம்பியருக்கும் குறைவாக எடுத்தால் போதும்.

அரை ஆம்பியர் சின்ன எண்ணாகத் தெரியலாம். எஞ்சின் ஓடாமல் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதை இழுத்தால் 5 மணி நேரத்தில் பேட்டரி முழுக்கக் காலி. கருவியைக் கழற்றிவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் நேர் இணைப்பில் விட்டாலும், அது 20 மில்லி ஆம்பியர் குடித்தால் சுமார் ஐந்து நாளில் அதே கதிதான். செல்ஃப் ஸ்டார்ட்டை மட்டும் நம்பும் வண்டி என்றால் காலையில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதனால் அனுபவசாலி மெக்கானிக்குகள் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டார்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ். அடுத்து ஒரு ரிலே. அந்த ரிலேயை இயக்குவது, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் டெயில் லைட் வயர். சாவியை எடுத்தால் கருவிக்கும் கரண்ட் நின்றுவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு. ஃபியூஸ் ஏன் பேட்டரி பக்கத்தில்? வயர் எங்கே உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டாலும், ஃபியூஸ் அதற்கு முன்னால் இருந்தால்தான் கரண்ட் துண்டிக்கப்படும். ஹேண்டில்பார் பக்கம் வைத்தால், டேங்க்குக்கு அடியில் வயர் எரியும்போது ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வயர் மேல் இருப்பதோ பெட்ரோல்.

பிறகு கம்பெனிகளே இந்த வேலையை எடுத்துக்கொண்டன. 2020 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ல் யு.எஸ்.பி. துளையும், 'டிரிப்பர்' என்ற வட்டமான வழிகாட்டியும் இருந்தன. ஒரு காலத்தில் ஆம்ப் மீட்டர் உட்கார்ந்திருந்த இடத்தின் பக்கத்தில் இப்போது அம்புக்குறி! ஆனால் டிரிப்பர் தானாகச் செயற்கைக்கோளைக் கேட்பதில்லை. ஓட்டுபவரின் போனிலிருந்து புளூடூத் வழியாகத்தான் வழியை வாங்குகிறது. போனில் சார்ஜ் போனால் அம்பும் போய்விடும்.

சொந்த ஊற்று

மேலே உள்ள சிக்னலுக்கும் ஒரு 'சொந்த பேட்டரி' வேண்டும் என்று இந்தியா நினைத்தது. 2006-ல் சொந்த வழிகாட்டி அமைப்புக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2013 ஜூலை 1-ல் முதல் செயற்கைக்கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திருத்தணியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர்தான். 2016-ல் ஏழாவது செயற்கைக்கோளும் போனது. 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள்.

அங்கேயும் சறுக்கியது வெளியிலிருந்து வாங்கிய பொருள்தான். 1ஏ-வில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாயின. அவை ஐரோப்பாவில் வாங்கியவை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவிய 1எச், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரலில் 1ஐ போய்ச் சேர்ந்தது. 2023 மே 29-ல் ஏவிய என்.வி.எஸ்-01-ல் ஆமதாபாத்தில் உருவான அணுக் கடிகாரம் முதன்முறையாகப் பறந்தது. சாதாரண போன்களும் கருவிகளும் எளிதாகப் பிடிக்கக்கூடிய எல்-1 அலைவரிசையும் அதில் சேர்ந்தது. 2025 ஜனவரி 29-ல் ஏவிய என்.வி.எஸ்-02-ன் கதை வேறு. சூரியத் தகடுகள் விரிந்தன, மின்சாரமும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் எஞ்சினுக்கு ஆக்ஸிடைசரை விடும் வால்வு திறக்காததால் அது உரிய பாதைக்குப் போகவில்லை.

மெக்கானிக் ஷெட்டில் நடப்பதும் ஸ்ரீஹரிகோட்டாவில் நடப்பதும் அளவில்தான் வேறு. திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருக்கும் ஊற்று யாருடையது, எப்போது நிற்கும், நின்றால் என்ன செய்வது என்று யோசிக்காதவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். 2 ஆம்பியர் ஃபியூஸ் வைப்பதும் சொந்தமாக அணுக் கடிகாரம் செய்வதும் அந்த யோசனையிலிருந்து பிறந்தவைதான். பழைய புல்லட்டின் ஆம்ப் மீட்டர் முள் அதைத்தான் அன்றே காட்டிக்கொண்டிருந்தது: எங்கே போகிறோம் என்பதோடு, எதை நம்பிப் போகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.