பக்கிங்காம் கால்வாயும் பண்டைப் படகுத்துறைகளும்

நீரில் இறங்கும் வழியைத் துறை என்றனர் நம் முன்னோர். இறங்குதற்கு வழியின்றேல் எத்துணைப் பெரிய நீரும் மாந்தர்க்குப் பயன்படாது. நம் சங்கத்துக் குடும்பங்களுட் சில, முற்காலத்தில் சென்னைக்கு வடக்கே உப்பும் விறகும் கிளிஞ்சலும் படகேற்றி வாழ்ந்தவை. அவர்க்கு வாழ்வளித்த நீர்வழியையும், அதன் கரையில் வணிகர் தத்தம் பொருளாற் கட்டிக் காத்த துறைகளையும் பற்றிச் சிறிது கூறப் புகுந்தோம்.

இக்கால்வாய் தொடக்கத்தில் அரசினர் வெட்டியதன்று. 1801-ஆம் ஆண்டு தொடங்கி 1806-இல், சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சற்றேறக்குறைய 11 மைல் நீளத்துக்குத் தனியார் முயற்சியால் அமைந்தது. பாசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்தியர்க்கு உரியதாயிருந்தமையின், காக்ரேன் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1837-இல் அரசினர் அதனைத் தம் பொறுப்பில் ஏற்றனர். பின்னர் அது வடக்கே கிருஷ்ணை நதிப்பக்கம் வரை 196 மைலும், தெற்கே மரக்காணம் வரை 64 மைலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில், பசித்தோர்க்குக் கூலி கொடுத்தற்பொருட்டுக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் தோண்டப்பட்டது. அந்நாள் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை இந்நீர்வழி 1878-இல் ஏற்றது. பசித்த ஏழைகளின் மண்வெட்டி தோண்டிய கால்வாய் பிரபுவின் பெயரால் விளங்குதல் உலகியல்பு.

இனித் துறையின் அமைப்பை நோக்குவோம். எளிய துறைக்கு வைரமேறிய பனந்தூண்களை வரிசையாகச் சேற்றில் இறக்கி, மேலே பலகை பரப்புவர். பொருள் மிக்கோர் செங்கல்லும் கிளிஞ்சற் சுண்ணாம்பும் கொண்டு சுவரெழுப்பிப் படியமைப்பர். பழவேற்காட்டு ஏரியினின்று படகிற் போந்த கிளிஞ்சலே, சுட்டு நீற்றப்பெற்று நகரத்து மாடங்களுக்குப் போலவே துறைச்சுவருக்கும் சாந்தாயிற்று.

கட்டுதல் ஒருமுறை, காத்தலோ ஆண்டுதோறும். உப்புநீரில் மரத்தைத் துளைத்துட்புகும் கப்பற்புழு ஒன்றுண்டு. புழுவெனப் பெயர் பெறினும் அது சிப்பியினத்தைச் சார்ந்தது. தூணின் புறம் நன்றாய்த் தோன்ற, அகம் தேன்கூடு போலாகும். அன்றியும், ஓதம் ஏறியும் இறங்கியும் நனைத்துலர்த்தும் இடத்திலேயே மரமும் இரும்பும் விரைந்து கெடும். ஆதலின் நீர் வற்றிய பொழுதிற் சேற்றிலிறங்கித் தூணைத் தட்டி ஓசையால் அறிதல் வேண்டும்.

சுவருக்குப் பகை வேறு. வெளிநீர் இறங்கிய பின்னும், பின்மண்ணில் தங்கிய நீர் சுவரை முன்தள்ளும். அந்நீர் வடியத் துளைகள் விடாதார் கட்டிய சுவர் மழைக்காலத்திற் சாயும். அடியில் மண்ணரிப்பு நேராவண்ணம் கருங்கற்களைக் குவித்தலும் இன்றியமையாதது. இக்காலத்தார் வெடிப்பின்மேற் சிமெண்டைப் பூசி அமைவர். உள்ளிருக்கும் கம்பியை உப்புநீர் பற்றித் துரு பருக்க, பூச்சு மீண்டும் பிளக்கும். நோய்முதல் நாடாத மருத்துவம் அது.

இத்துணைக் கருத்தாய்க் காத்த துறைகள் ஏன் அழிந்தன? துறை ஒருவர்க்குரியது, அதனையடையும் நீரோ எல்லார்க்கும் பொது. கால்வாய் ஆறுகளைக் கடக்குமிடத்து ஓத நீரைத் தடுக்க லாக்கு எனப்படும் கதவு மதகுகள் இருந்தன. அவை பழுதுற்றுக் கால்வாய் தூர்ந்தபோது, செம்மையான துறையும் சேற்றை நோக்கி நின்றது. இருப்புப் பாதையும் சாலையும் சரக்கினைப் பகிர்ந்துகொண்டன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்கள் பெருஞ்சேதம் விளைத்தன. நகருக்குள் கழிவுநீர் கலந்தது. 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே ஊன்றப்பெற்றன. எனினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையேறிய நீரின் ஒரு பகுதியை இக்கால்வாயே தாங்கிற்று. 2008-இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் மட்டும் நீர் ஓடாது.

அன்பர்காள்! தந்தம் துறையைக் காத்த நம் பெரியோரின் உழைப்பை யாம் போற்றுகின்றோம். ஆயினும் தூரெடுக்கவும் மதகைக் காக்கவும் பலரும் ஒருங்குகூடாமையின் விளைவை மறைத்தல் வரலாறாகாது. அதில் நம்மவர்க்கும் பங்குண்டு. ஒருவன் தன் படியை எவ்வளவு திருத்தினும், பொதுநீர் வற்றின் அப்படி எங்கும் கொண்டு செல்லாது.

நும் இல்லங்களின் பரண்களில் படகுக் கணக்கேடோ, துறை வாடகைச் சீட்டோ, பழைய பத்திரமோ கிடப்பின், கறையான் வாய்க்கு விடாது படியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புமின். தாத்தாவும் பாட்டியும் கூறும் துறைப்பெயர்களைச் சிறுவர் எழுதி வைப்பாராக. துறைகள் தூர்ந்தன; அவற்றின் நினைவேனும் தூராதிருத்தல் நம் கையிலுள்ளது.