கடல் கடந்த உத்தியோகம்: ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள்

நாட்டு வரலாறு அரசர் செயல்களால் மட்டும் ஆவதன்று. குடும்பப் பெட்டகங்களிற் கிடக்கும் உறுதிகளும் கடிதங்களும் அதற்குச் சான்றாவனவே. எமது வீட்டிலுள்ள ஈட்டுறுதி ஒன்று 1906ஆம் ஆண்டுக்குரியது. மலாயாவுக்குக் கப்பலேறும் பொருட்டுப் பேரனார் தம் தோட்டக்காணியை ஈடுவைத்தமையை அது கூறும்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தார் பலர் இவ்வாறு புறப்பட்டமைக்குக் காரணங்கள் உள. பங்கீட்டாலும் சீதனத்தாலும் காணிகள் தலைமுறைதோறும் சிறுத்தன. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி முதலாகப் பரவிய ஆங்கிலக் கல்வியோ, உள்ளூர் உத்தியோகங்களுக்கு வேண்டிய தொகையினும் மிக்க இளைஞரை உருவாக்கிற்று. மலாயாவில் முதற் புகையிரதம் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. பாதை நீள நீள, ஆங்கிலமறிந்த இலிகிதரும் நிலைய அதிபரும் வேண்டப்பட்டனர்.

பேரனார் அப்புகையிரதப் பகுதியில் இலிகிதரானார். மாதந்தோறும் வந்த காசுக்கட்டளையால் ஈடு மீண்டது. தங்கையர் இருவரின் விவாகமும் நிறைவேறின. 1936இல் ஓய்வூதியத்துடன் திரும்பி நாற்சார் வீடொன்று கட்டினார். ஆயினும் அம்முப்பதாண்டும் காணியையும் பிள்ளைகளையும் தனித்து நின்று காத்தவர் அவர் மனைவியாரே. தகப்பனார் விடுமுறையில் வந்த தடவைகளை எமது தந்தையார் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

இரண்டாந் தலைமுறையிற் பாதை பிரிந்தது. பெரியதந்தையார் கோலாலம்பூர் சென்றார். யப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரை அவரிடமிருந்து ஒரு கடிதமேனும் வரவில்லை. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபின் அவர் அந்நாட்டுக் குடியுரிமையை ஏற்று அங்கேயே தங்கினார். தந்தையாரோ கொழும்பில் அரசாங்க இலிகிதரானார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின்பின் சிங்களத் தேர்ச்சி பதவியுயர்வுக்கு நிபந்தனையாகவே, காலத்துக்கு முன்னரே ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்.

மூன்றாந் தலைமுறையினரான எம்முள், கொழும்பிற் பொறியியலாளராயிருந்த தம்பி, 1983 ஆடிக் கலவரத்தின்பின் இலண்டன் சென்றார். அவரை அனுப்பியது வேலை மட்டுமன்று, அச்சமுமாகும். அவர் பிள்ளைகள் இவ்வீட்டைக் காண வருகின்றனர், வாழ வருவதில்லை.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலனாகும். புறப்படுதல் மூன்று தலைமுறைக்கும் பொதுவாயிற்று. திரும்புதலே படிப்படியாகக் குறைந்தது. பேரனார் ஈடுவைத்தது திரும்பிவரும் உறுதிப்பாட்டுடன். அவர் மீட்ட காணிக்கு இன்று மூன்று நாடுகளில் உரித்தாளர் உளர். இது எமது குடும்பத்துக்கு மாத்திரம் உரிய கதையன்று. ஆதலின் மாணவர் தத்தம் வீட்டு உறுதிகளையும் கடிதங்களையும் எடுத்து, அவற்றின் பொருளுரைக்கும் முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் கடனாகும்.