காலாவதியாகும் கணையாழி

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் நடந்தது இது. அறுபது மாணவர்களின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாக உள்ளிட்டுச் சமர்ப்பித்தோம். ‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்றது திரை. உழைப்பு அத்தனையும் போயிற்று. இந்தக் காலக்கெடுவை விதித்தவர் யார், ஏன் என்று எரிச்சலோடு தேடத் தொடங்கினோம். கிடைத்த வரலாறு இலக்கிய அன்பர்களுக்கும் உவப்பானதே.

டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் வடிவமைத்த வலை, இயல்பிலேயே மறதி உடையது. ஒரு பக்கத்தைக் கேட்டவரை அடுத்த பக்கம் கேட்கும்போது வழங்கிக்கு நினைவிராது. சகுந்தலையை மறந்த துஷ்யந்தனின் நிலைதான். அவனுக்கு நினைவூட்ட ஒரு கணையாழி தேவைப்பட்டது. வலைக்கு அந்தக் கணையாழியை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி ‘குக்கீ’ என்ற பெயரில் அளித்தார்.

கணையாழிக்கு ஓர் ஆபத்து உண்டு. அனுமனிடம் இருந்தால் அது தூது; கள்வனிடம் இருந்தால்? இக்கேள்வியை வலைக்கு முன்பே எம்ஐடியில் எழுப்பியிருந்தனர். 1983இல் அங்கே தொடங்கிய ‘அதீனா’ திட்டத்தில் பிறந்தது கெர்பரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை. அதன் வடிவமைப்பை விளக்க 1988இல் பில் பிரையன்ட் எழுதியது நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடல் நாடகம்! அதீனா ஒரு முறையை முன்வைப்பாள். யூரிபிடீஸ் குறை கண்டுபிடிப்பான். பொதுக் கணினியில் ஒருவர் விட்டுச்சென்ற அனுமதிச்சீட்டை அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்பான். சீட்டுக்கு ஆயுள் குறித்துவிடுவோம் என்பது விடைகளுள் ஒன்று.

ஆயுள் குறித்ததும் புதிய சிக்கல் முளைத்தது. கெர்பரோஸின் நான்காம் பதிப்பில் ஒரு சீட்டின் உச்ச ஆயுள் ஏறத்தாழ 21 மணி நேரம். அதைவிட நீண்ட கணக்கீடுகள் இடையில் அறுந்தன. ஆயுளைப் பெருக்கினால் திருடனுக்கு ஆதாயம். குறைத்தால் உரியவருக்குத் துன்பம். 1993இல் ஆவணமாக வெளிவந்த ஐந்தாம் பதிப்பு ஒரு வழி சொன்னது. சீட்டு குறுகிய ஆயுளுடையதாகவே இருக்கட்டும். அது முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பித்தலுக்கும் ஓர் இறுதி எல்லை இருக்கட்டும்.

இக்கருத்து வலையுலகில் வேறு வடிவில் வந்தது. ஒரு தளம் நம் மின்னஞ்சல் முகவரிகளைப் பெற, நம் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கிய காலம் ஒன்றிருந்தது. அதற்கு மாற்றாக 2007இல் ஓஆத் வந்தது. 2012 அக்டோபரில் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு இரண்டு டோக்கன்களை வகுத்தது. அணுகல் டோக்கன் அடிக்கடி பயணம் செய்வது. ஆகவே குறுகிய ஆயுள். புதுப்பிப்பு டோக்கன் அதை வழங்கிய இடத்துக்கு மட்டுமே செல்வது. ஆகவே நெடிய ஆயுள். முன்னது காலாவதியானதும் வழங்கி 401 என்னும் எண்ணால் மறுக்கும். செயலி பின்னதைக் காட்டிப் புதிய டோக்கன் பெற்று, மறுக்கப்பட்ட வேண்டுகோளையே மீண்டும் அனுப்பும். பயனர் இதை அறியவே மாட்டார்.

புதுப்பிப்பு டோக்கனே களவு போனால்? அதற்கும் வழி கண்டனர். ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றிவிடுவார்கள். பழையது மறுபடி வந்து நின்றால், இருவர் கையில் ஒரே டோக்கன் இருக்கிறது என்று பொருள். உரியவர் யார், கள்வர் யார் என வழங்கிக்குத் தெரியாது. ஆகவே அந்த வரிசை முழுவதையும் செல்லாததாக்கிவிடும். 2025 ஜனவரியில் வெளியான ஓஆத் பாதுகாப்பு வழிகாட்டி ஆவணமும் இம்முறையை ஏற்றுச் சொல்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் காலக்கெடுவின்மீது எங்களுக்குக் கோபமில்லை. ஆசிரியர் அறையின் பொதுக்கணினியில் நாங்கள் மூடாமல் எழுந்துபோன பக்கங்களை அதுவே காத்திருக்கிறது. தவறு காலாவதியில் இல்லை; புதுப்பிக்க வழி வைக்காததில், எழுதியதைப் பத்திரப்படுத்தாமல் வாசலை அடைத்ததில் இருக்கிறது. அந்த அறுபது மதிப்பெண்களை நாங்கள் மறுநாள் மீண்டும் உள்ளிட்டோம். இம்முறை, முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு.