தெல்தெனியத் தோட்டப்புற வரலாறும் நூலகச் சான்றுகளும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் தெல்தெனிய. இன்று அப்பெயரால் வழங்கும் நகரம் பழைய நகரமன்று. மகாவலி கங்கையை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்ட விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய அமிழ்ந்தது. புதிய நகரம் மேட்டு நிலத்தில் எழுந்தது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பழைய கட்டடங்களின் சிதைவுகள் வெளித் தோன்றுவதுண்டு. இத்தகைய ஊரொன்றின் வரலாற்றை, சிறப்பாக அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் வரலாற்றை, எழுத முற்படும் மாணவர் நூலகத்தையே முதலில் நாட வேண்டியவராகின்றார். பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் அண்மையில் இருப்பது அவருக்கு வாய்த்த நற்பேறு. ஆயினும், அங்குள்ள சான்றுகள் எவருடைய வாய்மொழியாக அமைந்துள்ளன என்னும் வினாவை எழுப்பாது அவற்றைக் கையாளுதல் ஆபத்தானது.

அந்நூலகத்தின் நூலகராக எழுபதுகளில் விளங்கிய இயன் குணத்திலக்க தொகுத்த இலங்கை பற்றிய நூற்பட்டியல் ஆய்வாளர் எவரும் தொடங்க வேண்டிய இடமாகும். 1970ஆம் ஆண்டில் முதலிரு தொகுதிகளாக வெளிவந்து பின்னர் ஐந்து தொகுதிகளாக விரிந்த அப்பெரும்பணிக்கு ஈடாக இந்நாட்டில் வேறொன்றைக் கூறுதல் அரிது. எனினும், அது மேலைத்தேய மொழிகளில் வெளியானவற்றுக்கே உரிய பட்டியல் என்பதனை மறத்தலாகாது. அதனைத் தொகுத்தவர் அவ்வெல்லையைத் தெளிவாகவே வகுத்துக்கொண்டார். அவ்வெல்லையையே வரலாற்றின் எல்லையாகக் கருதிவிடுவது பின்வந்தோர் செய்யும் பிழை.

தெல்தெனியச் சுற்றுப்புறத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு வெளிப்படை. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் சிறைப்பட்டது இதற்கப்பாலுள்ள மெதமகாநுவரப் பகுதியிலாகும். அக்காலத்து நடப்புகளை அறிய ஜோன் டொயிலியின் நாட்குறிப்பு உண்டு. அது 1917இல் அச்சேறியது. நீதிபதி லோரி 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மத்திய மாகாண விவரத்திரட்டிலே தும்பறைக் கிராமங்கள் அகரவரிசையில் இடம்பெறுகின்றன. காணி, கோயில், வழக்கு எனப் பல செய்திகளை அதனிற் காணலாம். ஆனால் அது கிராமங்களுக்கு உரிய நூல், லயங்களுக்கு உரியதன்று.

இத்தனைக்கும், பெருந்தோட்டச் செய்கையின் வரலாற்றில் தும்பறை ஓரத்து இடமன்று. 1837இல் இலங்கைக்கு வந்த ரைற்லர் என்பார், யமேக்காவிற் பயின்ற மேற்கிந்தியக் கோப்பிச் செய்கை முறையை இங்கு புகுத்தியது தெல்தெனியவுக்கு அணித்தான இராஜவெல்லைத் தோட்டத்தோடு தொடர்புடைய செய்தியாகும். அவரைப் பற்றி அறிய விரும்புவோர்க்குத் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் உள. தோட்டங்களின் பெயர், பரப்பு, உடைமையாளர், மேற்பார்வையாளர் ஆகியவற்றை அறியப் பேர்குசன் நிறுவனத்தாரின் ஆண்டுக் கைந்நூல்கள் உதவும். அத்தோட்டத்திற் காடழித்தவர் எவர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என வினவின் அக்கைந்நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. 1871இல் நடந்த குடிசன மதிப்பீடு அவர்களைத் தொகையாக எண்ணியது. ஆட்களாக அறிமுகஞ் செய்யவில்லை.

இந்த மௌனத்தைக் கடக்கும் வழிகளுள் ஒன்று, துரைமார்க்காக எழுதப்பட்ட நூல்களையே தொழிலாளர் பக்கமிருந்து படித்தலாகும். தமிழ் கற்க விரும்பிய இளந்துரைமாருக்கென எழுந்த மொழிக் கைந்நூல்களை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் வெல்சு வெளியிட்ட மற்றொன்று ‘கூலித் தமிழ்’ எனத் தலைப்பிடப்பட்டது. இவற்றை மொழியியலார் கொச்சை வழக்கின் பதிவுகளாகக் கண்டு அமைவர். வரலாற்று மாணவர்க்கோ இவை வேறொரு செய்தியைத் தருவன. ஒரு மொழியினைக் கற்கத் தொடங்கும் ஒருவர் முதலில் அறிய வேண்டியது ‘வா’, ‘போ’ என்னும் ஏவல் வினைகளே என்று கருதப்பட்டமை, அம்மொழி எவ்வகை உறவினுள் வழங்கிற்று என்பதனைப் பல அறிக்கைகளினும் தெளிவாகக் காட்டுகின்றது. நலம் விசாரிக்கும் வாக்கியத்துக்கும் வேலை ஏவும் வாக்கியத்துக்கும் அந்நூல்கள் ஒதுக்கிய இடத்தை எண்ணிப் பார்ப்பதே ஓர் ஆய்வாகும்.

ஆங்கில அறிக்கைகளுள் மொழிபெயர்க்கப்படாமற் புகுந்துவிட்ட தமிழ்ச் சொற்களும் இவ்வாறே நோக்கத்தக்கன. ‘துண்டு’ என்பது ஒரு சிறு கடதாசி. கங்காணியும் அவனது ஆட்களும் பட்ட கடனைத் தீர்ப்பவரிடம் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதிக் கொடுப்பது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதர் கைமாறியது அச்சீட்டினாலேயே. சட்டசபை ஆவணங்களில் ‘துண்டு’ என்னும் சொல் வருமிடங்களைத் தொடர்ந்து செல்லும் மாணவர், பொருளடக்கத்திற் காணாத பல செய்திகளை அடைவர்.

தமிழிற் சான்றுகள் இல்லாமலில்லை. ஆபிரகாம் யோசேப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் இனங்காணப்பட்டதும் அவ்வாண்டே. அக்கும்மி துரைமாரின் நோக்கிற்கு நெருங்கியதென்பது உண்மையே. அதனால் அது பயனற்றதாகிவிடாது. கோ. நடேசய்யரின் எழுத்துகளும், மீனாட்சி அம்மையின் பாடல்களும், சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் வெளியான மலைநாட்டு மக்கள் பாடல்களும் பிற்கால உழைப்பாளர் குரலுக்கு அண்மித்தவை. இவற்றுட் பல சிறு பிரசுரங்கள். தடித்த அட்டையும் முதுகெழுத்தும் இல்லாத இவை நூலகத் தட்டுகளில் எளிதில் மறைந்துபோவன. இலக்கியப் பகுதியிற் கிடப்பவற்றை வரலாற்று மாணவர் தேடுவதுமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே பிரதியாக எஞ்சும் சிறு பிரசுரத்தின் பெறுமதி அதன் பின்னரே பலர்க்கு உறைத்தது. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய வெளியீடுகளைச் சேகரித்து வருவது இன்றைய மாணவர்க்குப் பேருதவி.

ஆயினும், தோட்ட மக்களைப் பொறுத்தவரை ஆவணம் என்பது ஆய்வாளரின் தேவை மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு. பிறப்புப் பதிவும் தோட்டத்துச் செக்ரோலும் அவர்களது வாழ்வைத் தீர்மானிக்கும் தாள்களாயின. ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எழுதப்படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டமை, நூலகத்தில் அவர்கள் குரல் கேளாமைக்கும் காரணம் காட்டுகின்றது. இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா சென்றோர் தம் தாள்களையும் உடன் கொண்டு சென்றனர். அவர்களுட் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே, தெல்தெனியத் தோட்டப்புற மக்களைப் பற்றிய சான்றுகளைத் தேடும் மாணவர், பேராதனையில் தேடி முடித்த பின், கண்டிக் கச்சேரியின் பிறப்புப் பதிவுகளையும், கூடலூர், கோத்தகிரி வீடுகளின் தகரப் பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டுள்ள கடவுச்சீட்டுகளையும் குடும்ப அட்டைகளையும் காண வேண்டியிருக்கும். அப்பெட்டிகளுக்கு அட்டவணை எழுதுவார் இதுவரை அரிது.