அலையை வாசித்த லவுட்ஸ்பீக்கர்

போன மாசம் பெரியதாழைக்குப் போயிருந்தேன். எங்க சித்தி அங்க மகளிர் குழுக் கணக்கு எழுதுறாங்க. நோட்டுல எழுதுறது அவங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தர்றது டவுன்ல ஒரு கடை. இந்தத் தடவை ஒரு பூஜ்யம் விட்டுப்போய், 12,000 ரூபாய் 1,200 ஆயிருச்சு. குழுவுல பெரிய சண்டை. "எய்யா, நெட்ல சும்மாவே சொல்லித் தர்றாங்களாமே, நானே படிச்சா என்ன?"ன்னு கேட்டாங்க.

எனக்கு உடனே வீராம்பட்டினம்தான் ஞாபகம் வந்தது.

1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. போன் லைன் சரியில்லாத காலம். அதனால் ஊருக்கு ஊர் வயர்லெஸ்ஸில் தகவல் போனது. கரண்ட் போனால் சோலார். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்?

அதற்கான விடை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடந்தது. நம்ம கட்டுமரக்காரர்களுக்காகப் போட்டதில்லை, இங்கிலீஷ் வேற. வில்லியனூர் மையத்தில் அதை இறக்கி, தமிழில் எழுதி அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் லவுட்ஸ்பீக்கரில் வாசிப்பார்கள். கரையில் வலை பிரிக்கிறவர் காதிலும் விழும்.

மையங்களில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர் தன்னார்வலர்கள், நிறையப் பேர் பெண்கள். கம்ப்யூட்டரையே அங்கதான் முதல்ல தொட்டவங்களும் உண்டு. சர்டிபிகேட்டுக்காக மவுஸைப் பிடிச்சிருந்தா பாதியில விட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். இங்க ஊரே காது கொடுத்துக் காத்துக்கிட்டிருந்தது.

2004 சுனாமி அன்னைக்கு, பக்கத்து நல்லவாடுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணினார். மையத்தின் லவுட்ஸ்பீக்கரில் அறிவிப்பு போனது, சனங்க ஓடித் தப்பிச்சாங்க. அன்னைக்கு வேலை செஞ்சது இணையம் இல்லை. ஆனா அந்தப் பெட்டிச் சத்தத்தை நம்பிப் பழகின ஊர் அது.

சித்திக்கு வருவோம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிஷம். திரை இங்கிலீஷ், குரல் தமிழ். ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் நம்ம கோப்பு: நிறுத்து, செஞ்சு பாரு, மறுபடி ஓட்டு. லிப்ரே ஆபீஸ் கால்க்கும் இலவசம்தான். எழுத்துக்கு, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'க'வை ரெண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். சித்தி அதை நாலு தடவை தட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க.

மூணாம் நாள் கூட்டல் ஃபார்முலா போட்டாங்க. விடை வந்ததும் நோட்டை எடுத்து, கையாலயும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாங்க. சரியா இருந்தது. அடுத்த வரிக்குப் போனாங்க.