பேராதனை நச்சு அளவுகோல்

பூச்சிகொல்லி நஞ்சு ஏறியவரின் நிலை எவ்வளவு கடுமை என்பதை, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், கட்டிலருகில் நின்றே கணிக்க உதவும் புள்ளிமுறை இது. ஓர்கனோபொஸ்பரஸ் வகை நஞ்சுக்கென உருவான இதனை, கண்டியை அடுத்த பேராதனையின் பெயரில் நிமல் சேனாநாயக்க, ஜனக டி சில்வா, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய மருத்துவர்கள் 1993இல் வெளியிட்டனர்.

பின்னணி

எண்பதுகளில் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அடித்த இம்மருந்துகளால் நஞ்சேறியவர்கள் இலங்கை மருத்துவமனைகளுக்கு ஓயாமல் வந்தனர். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடும். கண்மணி சுருங்கும், வாயில் நுரை தள்ளும், நாடி தளரும், தோலுக்கடியில் தசைகள் புழு நெளிவதுபோல் துடிக்கும். குருதியில் அந்த நொதியை உடனே அளக்கும் வசதி பெரும்பாலான இடங்களில் இல்லை. கண்ணும் கையும் கைக்கடிகாரமுமே மருத்துவருக்குத் துணை.

கணிக்கும் முறை

கண்மணி, மூச்சு, இதயத்துடிப்பு, தசைத்துடிப்பு, உணர்வுநிலை ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை புள்ளி. வலிப்பு வந்திருந்தால் மேலும் 1. மொத்தம் 11. மூன்று வரை இலேசு, 4 முதல் 7 வரை நடுத்தரம், 8உம் அதற்கு மேலும் கடுமை.

ஒருவரின் கண்மணி ஊசிமுனையளவு என்றால் 2. நீலம் பாரிக்காமல் மூச்சு நிமிடத்துக்கு 28 என்றால் 1. நாடி 52 என்றால் 1. உடலெங்கும் தசை துடித்தால் 1. கூப்பிட்டால் மந்தமாகவே பதில் வந்தால் 1. கூட்டினால் 6, நடுத்தரம்.

மாற்றுமருந்தான அத்திரோப்பின் ஏற்றியதும் கண்மணி விரியும், நாடி ஏறும். ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த புள்ளியே நம்பகமானது. சிற்றூர் மருத்துவமனையில் ஊசி போட்டு மாற்றி அனுப்பப்பட்டவரிடம் இது உண்மையைக் குறைத்துக் காட்டக்கூடும்.

பிற்காலம்

தற்கொலைக்கும் பயன்பட்ட இப்பூச்சிகொல்லிகளில் மிகக் கொடிய வகைகளை 1995இல் இலங்கை தடைசெய்தது. அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியானது.

அளவுகோலுக்கு எட்டாத ஆபத்தொன்றை சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987லேயே பத்து நோயாளர்களிடம் கண்டு எழுதியிருந்தனர். முதல் கண்டம் தாண்டி, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனச் சோரும். இதுவே இடைநிலைக் கூட்டறிகுறி. புள்ளி குறைந்துவிட்டாலும் அந்த நாட்களில், “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்” என்று நோயாளியிடம் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். தலை எழவில்லையென்றால் செயற்கைச் சுவாசக் கருவியைத் தயார்செய்கிறார்கள்.